முதல் கேமராவும் ஆச்சி வீட்டு அடுப்படியும்

முதல் கேமரா வாங்கப் போகிறேன், கையில் 20,000 அல்லது 25,000 ரூபாய்தான் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மாடல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம், கேட்கிறவருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அப்படி ஒருவர் சொன்ன மாடலை வாங்கி ஆறே மாதத்தில் 6,500 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றவன் நான். அதனால் இப்போதெல்லாம் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். எதை எடுக்கப் போகிறீர்கள், எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் "எல்லாமே எடுக்கணும்" என்றுதான் பதில் வரும். நானும் அதையேதான் சொன்னேன்.

2022இல் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் எப்படியாவது ஒரு கேமரா கையில் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. தேர், கோயில், கூந்தன்குளம் பறவைகள், தாமிரபரணி, வீட்டு விசேஷம் எல்லாம் எடுக்க வேண்டும். கடையில் 40 மடங்கு ஜூம் உள்ள ஒரு கேமராவைக் காட்டினார்கள். லென்ஸ் கழற்ற முடியாது, எல்லாம் ஒன்றிலேயே அடக்கம், விலை 17,000. கடைக்காரர் வாசலில் நின்று தெருக்கோடியில் இருந்த பெயர்ப் பலகையை இழுத்துக் காட்டினார், எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. அப்போதே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். கூடவே கேமராவை நிறுத்துகிற ஒரு முக்காலி, ஒரு பை, ஒரு வடிகட்டிக் கண்ணாடி என்று 2,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். அந்த முக்காலி காற்றடித்தாலே ஆடியது, இப்போது மாடியில் கொடிக் கம்பிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

தேரோட்டத்தன்று படங்கள் நன்றாகவே வந்தன. நல்ல வெயில், தேர் மெதுவாக நகர்கிற பெரிய பொருள், வடம் பிடிக்கிறவர்களின் முகங்களைத் தூரத்திலிருந்தே இழுத்து எடுக்க முடிந்தது. அந்த வகைக் கேமரா பகல் வெளிச்சத்தில் நன்றாகவே வேலை செய்யும். பறவை பார்க்கிறவர்களில் பலர் நீண்ட ஜூம் கேமராக்களை விரும்பி வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது, தூரத்துக் கொக்கு என்ன வகை என்று அடையாளம் காண அவர்களுக்கு அது போதும். என் சிக்கல் அதற்குப் பிறகு, குறுக்குத்துறை படித்துறையில் விடிகாலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. ஆற்றுக்கு மேல் ஆவி பறக்கிறது, ஒரு தாத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று கும்பிடுகிறார், நான் எடுத்த படத்தில் அவர் முகம் ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி அழிந்து கிடந்தது. அதே வாரம் ஆச்சி வீட்டு அடுப்படியில் எடுத்த படங்கள் இன்னும் மோசம். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஆச்சி முறுக்குப் பிழிகிறாள், படத்தில் கை இருந்த இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர் ரத வீதியில் கடை வைத்திருக்கிறார், முப்பது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவர். படங்களை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கேமராவை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஜூம் தூரத்த இழுக்கும், வெளிச்சத்த இழுக்குமா?" என்றார். எனக்கு இதற்குமுன் யாரும் சொல்லாத விஷயம் இது. அதை அவர் விளக்கிய மாதிரியே சொல்ல முயற்சிக்கிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சம் விழுகிற சில்லுக்கு சென்சார் என்று பெயர். என்னுடைய அந்த ஜூம் கேமராவில் இருந்த சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்களுக்கு டி.எஸ்.எல்.ஆர். என்று பெயர், கேனானின் சாதாரண டி.எஸ்.எல்.ஆர்.களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி என்ற அளவுச் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பளவில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12 மடங்கு. மழையில் டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். சின்ன சென்சாரில் ஜூமை அவ்வளவு நீளமாக மலிவாகச் செய்ய முடிகிறது, அதனால்தான் 40 மடங்கு, 60 மடங்கு என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறார்கள். வெளிச்சம் குறைந்தால் கேமரா இருக்கிற கொஞ்சத்தை ஊதிப் பெருக்குகிறது, புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது, அந்தப் புள்ளியை மறைக்க உள்ளேயிருக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறது, தாத்தா முகம் சுண்ணாம்பாகிவிடுகிறது.

அப்புறம் அண்ணாச்சி செய்ததுதான் எனக்குப் பெரிய உதவி. "ஃபோன எடுங்க, கடைசியா எடுத்த முந்நூறு படத்தப் பாருங்க, எதெது எத்தனன்னு ஒரு தாள்ல எழுதுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கூந்தன்குளம், பறவை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த என் ஃபோனில் பறவைப் படங்கள் இருபதுகூட இல்லை, அதிலும் பாதி வானத்தில் புள்ளி. பாதிக்கு மேல் மனிதர்கள். டீக்கடை மாஸ்டர், அடுப்படியில் ஆச்சி, பக்கத்து வீட்டுக் குழந்தை, கடையில் மூட்டை தூக்குகிறவர், எல்லாமே கூரைக்கு அடியில் அல்லது விடிகிற நேரத்தில், எல்லாமே இரண்டு மூன்று அடி தூரத்தில். "நீங்க ஆள் எடுக்கீய, தம்பி, உங்களுக்கு எதுக்கு இந்தக் குழாய்?" என்றார்.

அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன். கேமரா வாங்க யோசிக்கிற யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை. நாம் என்ன எடுக்க ஆசைப்படுகிறோம் என்பது ஒரு கணக்கு, கை தன்னால் எதை எடுக்கிறது என்பது இன்னொரு கணக்கு, இரண்டாவதற்குத்தான் பணத்தைப் போட வேண்டும். எழுதிப் பார்த்ததில் எல்லாம் சுற்றுலாவும் பிறந்தநாளும் என்று வந்தால், உங்களிடம் இருக்கும் ஃபோனே போதும், நான் உண்மையாகச் சொல்கிறேன். நல்ல ஃபோன் பல படங்களைச் சேர்த்து ஒரே படமாகத் தைத்துத் தருகிற வேலையை பட்ஜெட் கேமரா தானாகச் செய்யாது, அசையாத பொருளுக்கு ஃபோன் பல சமயம் முந்திவிடும். இருட்டில் அசைகிற ஆளும், தூரமும், பிறகு உட்கார்ந்து நிதானமாகத் திருத்த வேண்டிய படமும்தான் கேமராவைக் கேட்கும்.

ஜூம் கேமராவை 10,500க்கு விற்றேன். வாங்கியவர் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர், பள்ளி விளையாட்டு விழாவுக்கு வேண்டும் என்றார், வெயிலில் எடுக்கிறவர், அவருக்கு அது பொருந்தும் என்று மனதாரச் சொல்லித்தான் கொடுத்தேன். கொஞ்சம் பணம் சேர்த்து, 2023 தொடக்கத்தில் 25,000 ரூபாயோடு மறுபடி இறங்கினேன்.

அந்தத் தொகைக்கு லென்ஸ் மாற்றும் புதிய கேமரா எதுவும் நான் விசாரித்த கடைகளில் இல்லை. ஒரு கடையில் மட்டும் பில் வேண்டாம் என்றால் மூவாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில் இல்லாவிட்டால் நிறுவனத்தின் வாரண்டி கிடையாது, பில் இருந்தாலும் அதிலுள்ள வரிசை எண்ணும் கேமரா அடியில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். ஆக பழையதுதான் வழி. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள்தான் இப்போது புதிதாக வருகின்றன, கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், அதனால் டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா என்று பயப்படுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் பட்ஜெட்காரர்களுக்கு இது நல்ல காலம். பழைய டி.எஸ்.எல்.ஆர். விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, பழைய லென்ஸ்கள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கான இஎஃப் வகை லென்ஸ்களை ஓர் இணைப்பு வளையம் போட்டு அவர்களுடைய புதிய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம், ஆகவே இன்று லென்ஸுக்குப் போடுகிற பணம் நாளைக்கு உடம்பு மாற்றினாலும் வீண் போகாது.

உடம்பு என்று இங்கே நான் சொல்வது லென்ஸ் இல்லாத கேமராவை, தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள், பாடி. முதல் தடவை வாங்குகிறவர்கள் முழுப் பணத்தையும் பாடிக்குப் போட்டுவிட்டு, கூட வந்த, 18 முதல் 55 மி.மீ. வரை இழுக்கும் 18-55 லென்ஸோடு இரண்டு வருடம் ஓட்டுவார்கள். நான் தலைகீழாகத் திட்டம் போட்டேன். பாடி பத்து வருடம் பழசானாலும் பரவாயில்லை, வெளிச்சம் குடிக்கிற ஒரு லென்ஸுக்கு ஐயாயிரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். ஜூம் இல்லாத 50 மி.மீ. ஒற்றை லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எண் சின்னதானால் வாய் பெரிது. 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் போடுங்கள், ஒன்பதரைக்கு மேல் வரும். அதே அறை, அதே பல்பு, ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது. 18-55இல் விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்க வேண்டிய இடத்தில், 50இல் நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும், முறுக்குப் பிழிகிற கை அசையாமல் நிற்கும். லென்ஸில் ஐ.எஸ். என்று போட்டிருக்கும் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆச்சி கையை அது எப்படிப் பிடித்து நிறுத்தும்?

கேனான், நிக்கான் எது என்று பெரிய சண்டை நடக்கும். படத்தின் தரத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் பெரிதாகத் தெரியவில்லை, நிக்கான் டி3300, டி5300 எல்லாம் 24 மெகாபிக்சல், அருமையான சென்சார்கள். நான் கேனான் பக்கம் போனதற்கு ஒரே காரணம் 50 மி.மீ. லென்ஸ் விலை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி வகை 50 லென்ஸைப் போட்டால் கையால்தான் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும், மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகைக்கு விலை கூட. இது தெரியாமல் அந்த ஏஎஃப்-டி 50 லென்ஸை வாங்கிவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல ஏஎஃப்-பி என்று எழுதிய 18-55 லென்ஸ் டி3100, டி3200, டி7000 போன்ற பழைய பாடிகளில் வேலை செய்யாது. டி7000, டி7100 வரிசையில் மோட்டார் உண்டு, கொஞ்சம் கனமும் உண்டு, நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

என் தேர்வு கேனான் 700டி, 2013இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல். 2016இல் வந்த 1300டி கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைத்தது, வருடத்தைப் பார்த்தால் அதுதான் புதியது. ஆனால் 700டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளும் குறுக்கு வகை, அதாவது நெடுக்காகவும் குறுக்காகவும் பார்த்து ஃபோகஸ் பிடிப்பவை, 1300டியில் நடுப்புள்ளி மட்டும்தான் அப்படி. மங்கிய வெளிச்சத்தில் ஓரத்தில் இருக்கிற முகத்தைப் பிடிக்க இது எவ்வளவு உதவும் என்று பயன்படுத்தும்போதுதான் தெரியும். திரை திருப்பிக்கொள்ளும், தொட்டால் கேட்கும், படித்துறையில் தரையோடு கேமராவை வைத்து எடுக்க நான் படுக்க வேண்டியதில்லை. மாடலின் வருடத்தைப் பார்க்காமல் அது நிறுவனத்தின் வரிசையில் எந்தப் படியில் இருந்த மாடல் என்று பாருங்கள். மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம், 18இல் எடுத்த படத்தை நான் 12க்கு 18 அங்குலம் அச்சுப் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருந்தது. மகன் வாங்கியது, வேலைக்கு வெளிநாடு போய்விட்டான், அலமாரியில் சும்மா கிடக்கிறது என்று அப்பா விற்கிறார். வயதானவர், நான் போனதும் காப்பி கொடுத்துவிட்டு, "மக்களே, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீயே பாத்துச் சொல்லு" என்று பெட்டியை முன்னால் வைத்துவிட்டார். அவ்வளவு நம்பிக்கையாகக் கொடுக்கிறவரிடம் சோதனை போடக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதற்கு முந்திய வாரம் வேறு ஓர் ஊரில், ஒரு கடையில் பார்த்த கேமராவின் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அங்கே துணியால் துடைத்தால் போய்விடும் என்று சொன்னார்கள், அது கண்ணாடிகளுக்கு நடுவில் இருந்தது, எப்படித் துடைப்பது?

அதனால் நிதானமாகப் பார்த்தேன். லென்ஸைக் கழற்றி பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தூசி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. கிளை கிளையாக வெள்ளை நூல் தெரிந்தால் வேண்டாம். பிறகு எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்து ஒரு படம், சென்சாரில் அழுக்கு இருந்தால் அதில் கறுப்புப் பொட்டாக விழும். இரண்டு பொட்டு இருந்தது, காற்றுக் குமிழால் ஊதியதும் ஒன்று போய்விட்டது. லென்ஸ் மூடியைப் போட்டுப் பத்து விநாடி திறந்து ஒரு படம், கெட்டுப்போன புள்ளிகள் எரிகிற நட்சத்திரம் போலக் காட்டிக் கொடுத்துவிடும். அதிவேகமான, விநாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கில் வானத்தை ஒரு படம், வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற ஷட்டர் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் இருண்ட பட்டை வரும். லென்ஸ் மாட்டுகிற வளையத்தில் தங்க நிற மின் முனைகள் வளைந்திருக்கின்றனவா, கார்டு போடும் கதவும் பேட்டரிக் கதவும் சரியாக மூடுகிறதா, திரையின் கீல் தளர்ந்திருக்கிறதா, ஃப்ளாஷ் எழுந்திருக்கிறதா, ஒவ்வொரு பட்டனும் கேட்கிறதா என்று வரிசையாக. கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்குள் தெரிகிற தூசியைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், அது படத்தில் வராது.

எத்தனை படம் எடுத்த கேமரா என்பதை நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே படித்துவிடலாம், கேனானின் இந்த வகைகளில் படத்துக்குள் அந்த எண் இருக்காது, கணினியில் கம்பி மாட்டித் தனி மென்பொருள் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எல்லா மாடலுக்கும் வராது. நான் வேறு அடையாளங்களைப் பார்த்தேன். கைப்பிடி ரப்பர் பளபளப்பாகத் தேயாமல் இருந்தது, வார் மாட்டுகிற வளையத்தில் பெயிண்ட் போகவில்லை. இந்த வகை பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் படம் தாங்கும் என்று வைத்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்குப் போன கேமரா அதை இரண்டே வருடத்தில் தாண்டியிருக்கும், வீட்டுக் கேமரா பத்து வருடமானாலும் பாதியைத் தொட்டிருக்காது.

18-55 எஸ்.டி.எம். லென்ஸோடு (எஸ்.டி.எம். என்பது உள்ளே இருக்கும் ஃபோகஸ் மோட்டாரின் வகை) 16,000க்கு முடிந்தது. பெரியவர் 17,000 சொன்னார், சென்சார் பொட்டைக் காட்டி நான் ஆயிரம் குறைத்துக் கேட்டேன், மகனிடம் ஃபோனில் பேசிவிட்டுச் சரி என்றார். கேமரா பையில் மகன் எழுதி வைத்த சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தது, அதை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திருநெல்வேலி வந்து 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் பழையது 5,500க்கு வாங்கினேன். மீதி 3,500 எனக்குக் கொஞ்சமும் மிஞ்சவில்லை, இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், எல்லாரும் மறக்கிற இடம் இது. நம்பிக்கையான கடையில் 32 ஜி.பி. கார்டு இரண்டு, ஏனென்றால் போலிக் கார்டு பாதியில் படத்தைத் தின்றுவிடும். கூடுதல் பேட்டரி ஒன்று. காற்று ஊதும் குமிழ், ஒரு மைக்ரோஃபைபர் துணி. பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லும். இவ்வளவுதான், ஆனால் இவ்வளவும் வேண்டும்.

கணினியும் ஒரு செலவுதான். ரா கோப்பில் எடுத்தால் ஒரு படம் 25 எம்.பி. வரும். ஜேபெக் என்பது வைத்த பொங்கல், ரா என்பது அரிசியும் பருப்பும், உப்பு காரம் பிறகு நாம் போட்டுக்கொள்ளலாம். நிழலில் கறுத்துப்போன முகத்தை வெளியே கொண்டுவர ரா கோப்பில்தான் இடம் இருக்கிறது. திருத்துவதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் இலவசம், கேனான் வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளும் கேமரா வரிசை எண்ணைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் என் பழைய 4 ஜி.பி. மடிக்கணினி ஒரு படத்தைத் திறக்கவே மூச்சு வாங்கியது. முதல் ஆறு மாதம் ஜேபெக்கிலேயே எடுத்தேன், அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை, வெளிச்சத்தைச் சரியாக வைக்கப் பழகினேன்.

50 லென்ஸ் மாட்டி ஆச்சி வீட்டுக்குப் போன முதல் சாயங்காலம் நான் மறக்கவே மாட்டேன். அதே பல்பு, அதே முறுக்கு உரல். ஆச்சியின் கை நரம்பும் விரலில் ஒட்டியிருந்த மாவும் தெரிந்தன, பின்னால் இருந்த தகர டப்பாக்கள் எல்லாம் மெத்தென்று கரைந்திருந்தன. ஆனால் ஒரு கஷ்டமும் அன்றைக்கே தெரிந்தது. ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் 50 மி.மீ. என்பது பார்வைக்கோணத்தில் 80 மி.மீ. மாதிரி ஆகிவிடும், கேனானுக்கு 1.6ஆல் பெருக்க வேண்டும், நிக்கானுக்கு 1.5. எட்டுக்கு ஆறு அடி அடுப்படியில் ஆச்சியும் அடுப்பும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் நான் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். முகம், கை, நெஞ்சளவு உருவம், இவற்றுக்கு 50 அற்புதம். வீட்டுக்குள் இடத்தோடு சேர்த்து எடுக்கிறவர்கள் 50ஐ வாங்குவதற்கு முன்னால், கையில் இருக்கும் 18-55ஐ 50இல் வைத்து ஒரு செலோடேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள், அப்புறம் 24இலோ 35இலோ ஒட்டி இன்னொரு வாரம். எது தோதாக இருக்கிறதோ அந்த லென்ஸை வாங்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, நான் செய்யவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிவிட்டது, எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் சுவரெல்லாம் பல வாரம் ஈரம் காயவில்லை. அந்த நேரத்தில் கேமராவைப் பற்றி நினைக்க மனம் எங்கே இருந்தது, பை அப்படியே பீரோவுக்குள் கிடந்தது. ஜனவரி நடுவில் எடுத்துப் பார்த்தபோது 18-55 லென்ஸின் உள்ளே மூன்று வெள்ளைப் பொட்டு. 50 தப்பித்தது, அது தனியாகப் பெட்டியில் இருந்தது. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் அடுப்படிப் பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிகா ஜெல் ஒரு பொட்டலம், முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரமானி, இந்த மூன்றும் போதும். ஈரம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். சிலிகா நிறம் மாறினால் வெறும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள், மாவுத் தூள் உள்ளே போகும். கேமரா பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெளியே எடுத்துப் போக மட்டும்தான் பை.

பறவை ஆசை என்ன ஆயிற்று என்று கேட்டால், அது போகவில்லை. 2024 தொடக்கத்தில் 55-250 லென்ஸ் பழையது ஒன்று 8,000க்கு வாங்கினேன். 250 மி.மீ. என்பது 1.6ஆல் பெருக்கினால் 400 மாதிரி. பறவை எடுக்கிறவர்கள் இது போதவே போதாது என்பார்கள், திறந்த ஏரியில் அது உண்மைதான். ஆனால் கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன, அந்தப் பறவைகள் வந்தால்தான் ஊருக்கு நல்லது என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். தெருவில் நின்றுகொண்டே 250இல் கூட்டை எடுக்கலாம். பறவை பக்கத்தில் வருகிற இடத்தைத் தேடிப் போனால் சின்ன லென்ஸே வேலைக்கு ஆகும், கூட்டுக்கு நெருங்கிப் போகாதீர்கள், மரத்தைத் தட்டிப் பறக்க வைக்காதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருப்பதை நாம் ஒரு படத்துக்காகக் கலைக்கக் கூடாது. பறக்கிற பறவைக்கு ஆயிரத்தில் ஒரு பங்காவது வேகம் வையுங்கள், காலை ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் அதற்குத் தாராளம்.

கடைசியாக வாங்கியது 24 மி.மீ. எஃப் 2.8, தட்டை மாதிரி சப்பையான லென்ஸ், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு 7,000 ஆயிற்று. அதை மாட்டிக்கொண்டு வந்த அன்று அப்பா வாங்கிப் பார்த்தார். அவரிடம் 1990களில் ஒரு யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர் இருந்தது, ஃபோகஸ் திருப்ப முடியாது, ஜூம் கிடையாது, ஒரே லென்ஸ். ஒரு ரோலில் 36 படம், அதை ஒரு வருடம் வைத்து எடுப்பார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த, 'இந்து' என்ற பெயர் கொண்ட கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டிருக்கிறேன் என்பார். அந்த யாஷிகா இப்போதும் அலமாரியில் இருக்கிறது, லென்ஸைச் சுற்றி 38 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. நான் 24ஐ 1.6ஆல் பெருக்கிப் பார்த்தேன், 38.4.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு என்னோடு ஆச்சி வீட்டுக்கு வந்தார். ஆச்சிக்கு அதில் ஐம்பது வயதிருக்கும், அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து இட்லித் தட்டு எடுக்கிறாள், வலது ஓரத்தில் மண்பானை. அவர் அன்றைக்கு நின்று எடுத்த நிலைப்படியிலேயே என்னை நிற்கச் சொன்னார். விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்திருக்கிறது, பானை இருந்த இடத்தில் தண்ணீர் கேன். கண்ணை வைத்துப் பார்த்தபோது ஆச்சியும் அடுப்பும் ஜன்னலும் அந்தப் பழைய படத்தில் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே வந்து நின்றன, நான் ஒரு அடிகூட நகரவில்லை. "என்னல ரெண்டு பேரும் பாக்கீய, தோச கருகுது" என்றாள் ஆச்சி. அப்போது எடுத்ததுதான் இப்போது பழைய படத்துக்குப் பக்கத்தில் அதே ஆல்பத்தில் இருக்கிறது.